கிற்றாரின் உறுமல்



பூநகரிப் பகுதியிலுள்ள ஜெயபுரத்துக்கு அண்மையிற் சென்றிருந்தேன். நண்பர் ஒருவருடன் முற்றத்திலே அமர்ந்து உரையாடிக்கொண்டிருந்த வேளையில், வீட்டினுள்ளிருந்து பெரியதோர் உறுமல் எழுந்தது. அரிசி ஆலை இயந்திரமோ என்று ஐயுற்றேன். நண்பர் தலையிற் கைவைத்தார். "மகன் கிற்றார் அடிக்கிறான், மாஸ்டர். மாமன் வெளிநாட்டிலை இருந்து அனுப்பின பெட்டி பழுதாப் போச்சுது போலை, கரகரக்குது. திருத்திறதுக்கு ஆரையும் தெரியுமோ?" என்று கேட்டார்.

பெட்டி பழுதுபடவில்லை. அக் கரகரப்பை வேண்டியே மைந்தன் அதன் குமிழ்களை முற்றாகத் திருகி வைத்திருந்தான். அவன் பயின்றது 'ஹெவி மெட்டல்' எனப்படும் இசை. சிங்கப்பூரிலே தமிழர் சிலர் 1992ஆம் ஆண்டில் 'ருத்ரா' என்னும் பெயரில் இத்தகைய குழுவொன்றைத் தொடங்கினர். நம் கொழும்பிலும் 'ஸ்டிக்மாட்டா' போன்ற குழுக்கள் உள. இவ்விசையை விரும்புவதும் விடுவதும் அவரவர் மனத்தைப் பொறுத்தது. ஆயினும், அவ்வுறுமல் எவ்வாறு பிறக்கின்றது என்பதை அறிந்தபின் தீர்ப்புக் கூறுதலே முறையன்றோ?

முதலிற் கிற்றாரை நோக்குவோம். மின்கிற்றாரின் உடல் பெரும்பாலும் கட்டை மரம். வீணையின் குடம் போன்ற வெற்றிடம் அதற்கு வேண்டுவதில்லை. உருக்குத் தந்திகளின் கீழே காந்தமும், அதனைச் சுற்றிய மெல்லிய செப்புக் கம்பிச்சுருளும் உள்ளன. தந்தி அதிரும்போது காந்தப் புலம் அசைகின்றது; சுருளிலே சிறு மின்னோட்டம் பிறக்கின்றது. 1831ஆம் ஆண்டில் மைக்கேல் பரடே கண்ட உண்மை இதுவே.

இவ்வுண்மை வன்னி மக்களுக்குப் புதியதன்று. போர்க்காலத்திலே மின்சாரம் இல்லை, பற்றரிக்கும் தடை. அந்நாளிற் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையாற் சுற்றி, டைனமோவிலிருந்து பெற்ற மின்சாரத்தால் வானொலி கேட்டவர்கள் அல்லவா நீங்கள்? டைனமோவிலே காந்தம் சுழலச் சுருளில் மின் பிறந்தது. கிற்றாரிலே தந்தி நடுங்கச் சுருளில் மின் பிறக்கின்றது. வேற்றுமை அவ்வளவே.

கிற்றார்ச் சுருள் தந்தியின் அசைவை மட்டுமன்றி, அறையிலுள்ள மின்கம்பிகளின் இரைச்சலையும் பற்றிக்கொள்ளும். 1955ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் கிப்சன் நிறுவனத்திலே சேத் லவர் என்னும் பொறியியலாளர், இரண்டு சுருள்களை ஒன்றுக்கொன்று எதிராக அமைத்து, இரைச்சல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளச் செய்தார். ஒலியும் தடித்தது. வன்மையான இசையை வாசிப்போர் இவ்விரட்டைச் சுருளையே பெரிதும் நாடுகின்றனர்.

அடுத்தது அம்பிளிஃபயர். சிறிய மின்னலையைப் பெரிதாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புவது அதன் கடமை. ஆனால் அதன் ஆற்றலுக்கும் ஓர் எல்லை உண்டு. எல்லைக்கு மேலே தூண்டினால், அலையின் உச்சிகள் வெட்டுண்டு தட்டையாகின்றன. அவ்வாறு வெட்டுண்ட அலையிலே, மூல ஒலியுடன் இல்லாதிருந்த மேற்றொனிகள் பல புதிதாகத் தோன்றுகின்றன. அவற்றின் திரட்சியே நாம் கேட்கும் உறுமல்.

தொடக்கத்திலே இது குற்றமாகவே கருதப்பட்டது. 1951ஆம் ஆண்டில் அமெரிக்க இசைக்குழுவொன்று, வழியிலே சேதமுற்ற அம்பிளிஃபயரின் ஸ்பீக்கருக்குட் காகிதத்தைத் திணித்து ஒலிப்பதிவை முடித்ததாகக் கூறுவர். 1961ஆம் ஆண்டளவில் நாஷ்வில் நகரிலே, ஒலிப்பதிவுக் கருவியின் ஒரு பகுதி பழுதாகியதனால், கிராடி மார்ட்டின் வாசித்த கிற்றார் கரகரத்தது. அதனை அவ்வாறே வெளியிட்டனர், மக்களும் விரும்பினர். 1964இல் லண்டனைச் சேர்ந்த டேவ் டேவிஸ் என்ற இளைஞர், சவர அலகினால் தம் ஸ்பீக்கரின் கூம்பைத் தாமே கிழித்தார். தற்செயலாய் நேர்ந்த பழுது, சில ஆண்டுகளில் வேண்டிச் செய்யும் வேலையாயிற்று.

நம் இசைக்கும் இவ்வேட்கை அந்நியமன்று. தம்புராவின் குதிரையிலே தந்திக்கடியில் நூலிழை ஒன்றைச் செருகுவது எதற்கு? தந்தி குதிரையை உரசி ரீங்கரித்து, மேற்றொனிகள் பெருகுவதற்கே. அந்நூலை எடுத்துவிட்டால் தம்புரா உயிரற்று ஒலிக்கும். இன்னுமோர் ஒற்றுமையும் உண்டு. உறுமும் கிற்றாரிலே மூன்று நான்கு சுரங்களை ஒருங்கே மீட்டினால் மேற்றொனிகள் மோதிக் குழம்பும். எனவே அவர்கள் பெரும்பாலும் சட்சமும் பஞ்சமமும் ஆகிய இரண்டையே சேர்த்து ஒலிக்கின்றனர். நாம் தம்புராவிலே மீட்டும் சுரங்களும் அவையே அல்லவா?

இனிப் பெடல்கள். அவை காலால் அழுத்தி இயக்கும் சிறு பெட்டிகள். கிற்றாருக்கும் அம்பிளிஃபயருக்கும் இடையே அமைவன. நாஷ்வில் பழுதை ஆராய்ந்தோர், அதே ஒலியை வேண்டும்போது தரும் கருவியொன்றை வகுத்தனர். 1962இல் அது 'மேஸ்ட்ரோ ஃபஸ்டோன்' என விற்பனைக்கு வந்தது. பின்னர், குழந்தை அழுவது போல ஒலியை நெகிழ்க்கும் 'வாவா' பெடலும், எதிரொலி தரும் பெடலும், வாசிப்பு நின்றவுடன் இரைச்சலை அடைக்கும் பெடலும் வந்தன. 1983இல் ஜப்பானின் பாஸ் நிறுவனம் 'ஹெவி மெட்டல்' என்ற பெயரிலேயே ஒன்றை வெளியிட்டது. சுவீடன் நாட்டு இளைஞர் சிலர் அதன் குமிழ்கள் அனைத்தையும் முற்றாகத் திருகி, மரம் அறுக்கும் வாள் போன்ற ஓசையை 1990ஆம் ஆண்டளவிற் புகழ்பெறச் செய்தனர்.

பெடலினால் விளையும் பெரிய நன்மை ஒன்றுண்டு. பழைய வால்வு அம்பிளிஃபயர் உறும வேண்டுமாயின், ஊரே அதிரும்படி அதனைத் திறந்துவிட வேண்டும். பெடலோ அலையின் உச்சியை முன்னரே வெட்டிவிடுகின்றது. ஆகவே குறைந்த சத்தத்திலும் உறுமல் கிடைக்கும். அயலவரின் உறக்கமும் கெடாது. வாசிப்பவரின் செவியும் கெடாது. உரத்த ஒலியை நாள்தோறும் நெடுநேரம் கேட்போரின் செவிப்புலன் மீளாதவாறு குன்றும் என்பதை இளைஞர்கள் மறத்தலாகாது.

மைந்தன் வெளியே வந்தான். அவன் இடக்கை நடுவிரலிலே தோலுறை ஒன்று இருந்தது. சிறுவயதிலே, போருக்குப்பின் நிலத்திற் கிடந்த வெடிபொருள் ஒன்று அவ்விரலின் நுனியைக் கொண்டுபோயிற்று. "இதை நீயே செய்தாயா?" என்றேன். "ஓம், ஐயா. பழைய செருப்புத் தோல். ரோனி அயோமி செய்ததைப் பார்த்துச் செய்தனான்" என்றான்.

அயோமி இங்கிலாந்திலே பேர்மிங்ஹாம் நகரத்துத் தொழிலாளி. 1965இல், பதினேழாம் வயதில், தகட்டுத் தொழிற்சாலை இயந்திரம் அவருடைய வலக்கை விரல்கள் இரண்டின் நுனிகளைத் துண்டித்தது. இடக்கைப் பழக்கமுடைய அவருக்குத் தந்தியை அழுத்தும் கை அதுவே. அவர் பிளாஸ்ரிக் போத்தலை உருக்கி விரலுக்கு உறை செய்து, அதன்மேல் தோலை ஒட்டினார். தடித்த தந்திகள் நோவு தந்தமையால் மெல்லிய தந்திகளைப் பூட்டினார். பின்னர் தந்திகளைத் தளர்த்திச் சுருதியையும் இறக்கினார். அத்தாழ்ந்த சுருதியின் கனமே 1971இல் அவருடைய 'பிளாக் சபத்' குழுவின் இசைத்தட்டிலே ஒலித்தது. இன்று உலகெங்கும் அவ்வழியைப் பின்பற்றுகின்றனர்.

இதனைக் கேட்டு நண்பர் சிறிது நேரம் மௌனமாயிருந்தார். பின்னர், "அப்ப பெட்டி பழுதில்லை" என்றார். "பழுதில்லை, அப்பா. ஒரு பெடல் இருந்தால் சத்தத்தைக் குறைச்சு அடிக்கலாம்" என்றான் மகன்.

நண்பர் சிரித்துவிட்டார். "அந்த நாளிலை பெடல் சுத்தினால்தான் பாட்டு. இப்பவும் பெடலோ? சரி, இந்த நெல்லு வித்து வரட்டும்" என்றார்.