கப்பல் சாப்பாடும் அம்மா போட்ட மார்க்கும்



நான் சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது, ஸ்ரீரங்கத்திலிருந்த அம்மாவைத் திருச்சியில் விமானம் ஏற்றி வரவழைத்து, மூன்று நாள் சொகுசுக் கப்பலில் கூட்டிப் போனேன். சாப்பாட்டுக் கூடத்தில் ஏகப்பட்ட வகை. வெங்காயம், பூண்டு சேர்க்காத அம்மாவுக்குக் கிடைத்ததோ சோறும் தயிரும்தான்.

கடைசி நாள் கருத்துப் படிவம் தந்தார்கள். பக்கத்து மேசைக்காரர், ஐஸ்கிரீம் உருகிவிட்டது என்று ஒரு பக்கம் எழுதினார். அம்மா எல்லாவற்றுக்கும் ‘மிக நன்று’ என்று டிக் போட்டாள். "ஏம்மா?" என்றேன். "பாவம்டா அந்தப் பசங்க. குறை எழுதினா வேலை போயிடுமோ என்னமோ."

கப்பல் சமையலறைச் சுத்தத்தைப் பரிசோதிக்க அமெரிக்க அரசு 1975-இலேயே ஒரு திட்டம் கொண்டுவந்தது. அதில் 100-க்கு 86 எடுத்தால்தான் தேர்ச்சி. சுத்தத்தை அப்படி அளந்துவிடலாம். சாப்பாடு பிடித்ததா என்பது, சாப்பிட்டவர் வாய் திறந்தால்தான் தெரியும்.

என் தொழிற்சாலையிலும் ஆபரேட்டர்கள் ‘எல்லாம் சரி’ என்றே எழுதித் தருவார்கள். இப்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறேன்.

ஹாஸ்டல் மெஸ் கமிட்டித் தம்பி தங்கைகளே, சத்தம் போடுகிறவர்களை மட்டும் கேட்காதீர்கள். மோர் சாதத்தோடு எழுந்து போகிறவர்களையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.