கழிவென்று தள்ளலாகுமோ?

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இம்மேடையில் இலக்கியமும் சமயமும் பேசிய அறிஞர் பலர். அடியேன் மெட்ரிகுலேஷன் அளவோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, இரயில்வே கூட்ஸ் ஆபீசில் குமாஸ்தாவாகப் பணிபுரிபவன். எந்தச் சரக்கு வருகிறது, எது போகிறது என்று பதிவேட்டில் எழுதுவதே என் தொழில். ஆகையால் என் கண்முன் நாள்தோறும் செல்லும் ஒரு சரக்கைப் பற்றியே பேச எண்ணினேன். ஆலைகள் வேண்டாமென்று தள்ளும் கழிவுகள் எவ்வாறு வீடு கட்டும் பொருளாகின்றன, அவற்றை நாம் நம்பலாமா என்பதே என் பேச்சு.

இக்கேள்வி நம் காலனியில் வீட்டுக்கு வீடு எழுகின்றது. பணியிலிருந்து ஓய்வு பெறுமுன் சொந்த ஊரில் ஒரு வீடு கட்டிவிட வேண்டுமென்பது நம்மில் பலருடைய வாழ்நாள் ஆசை. வீட்டைக் கட்டிப் பார் என்று நம் முன்னோர் சும்மாவா சொன்னார்கள்? சேமநிதிப் பணம் முழுவதும் அதில் இறங்குகிறது. அவ்வேளையில் கடைக்காரர் கசட்டுச் சிமெண்டையோ சாம்பற் கல்லையோ காட்டினால், "ஆலைக் குப்பையிலா நான் குடியிருப்பது?" என்று நாம் முகஞ்சுளிக்கிறோம். அச்சம் நியாயமானதே. ஆனால் உண்மையை அறிந்த பின்னரே முடிவு செய்தல் வேண்டும்.

முதலில் இரும்புக் கசட்டைப் பார்ப்போம். டாட்டா எஃகுக் கம்பெனி 1907-இல் தொடங்கப்பெற்று, சுவர்ணரேகையும் கர்காயும் கூடுமிடத்தருகே சாக்சி என்னும் சிற்றூரில் ஆலை அமைத்து, 1912-இல் முதல் எஃகை வார்த்தது. அவ்விடமே 1919-இல் ஜம்ஷெட்பூர் எனப் பெயர் பெற்றது. ஊது உலையில் இரும்புத் தாது, கோக் கரி, சுண்ணாம்புக் கல் ஆகிய மூன்றையும் இட்டு உருக்குவார்கள். தாதுவிலுள்ள மணற்சத்தும் களிமண் சத்தும் சுண்ணாம்போடு கூடி, உருகிய இரும்பின்மேல் பாலாடைபோல் மிதக்கும். அதுவே கசடு. ஆலையிலுள்ளோர் ஸ்லாக் என்பர். ஒரு டன் இரும்பு எடுத்தால் ஏறக்குறைய 300 முதல் 400 கிலோ கசடு உண்டாகும். ஆண்டுக்கணக்கில் இப்படிச் சேர்ந்தால் அது மலையாகாமல் வேறென்னவாகும்?

நம் முன்னோர் இதனைக் கிட்டம் என்றனர். அவர்கள் அதனை வெறும் குப்பையாகக் கருதவில்லை. சித்த மருத்துவர்கள் பழைய இரும்புக் கிட்டத்தைச் சுத்தி செய்து, புடமிட்டு, மண்டூரச் செந்தூரமாக்கிச் சோகை நோய்க்குக் கொடுத்தனர்.

கசடு உலையிலிருந்து வெளிவரும்போது அதன் வெப்பம் 1,500 டிகிரியை ஒட்டியிருக்கும். தானாக ஆறவிட்டால் கல்லாய் இறுகிவிடும். உடைத்துச் சாலைக்குச் சல்லியாக இடலாம். ஆனால் உருகிய நிலையிலேயே அதன்மீது நீரை வேகமாகப் பாய்ச்சினால் கண்ணாடித் தன்மையுள்ள மணலாகச் சிதறும். அந்த மணலை அரைத்தால், சிமெண்டைப்போல் இறுகும் ஆற்றல் அதற்குள் உறங்கிக் கிடக்கிறது. சுண்ணாம்பு சேர்ந்தால் அவ்வாற்றல் விழித்துக் கொள்ளும். ஜெர்மானியரான எமில் லாங்கன் என்பவர் 1862-இல் இதனைக் கண்டார். நம் நாட்டிலும் 1953-ஆம் ஆண்டிலேயே கசட்டுச் சிமெண்டுக்கு ஐ.எஸ். 455 என்னும் தர விதி வகுக்கப்பட்டது. இவ்விதியின்படி சிமெண்டில் 25 முதல் 70 விழுக்காடு வரை கசடு சேரலாம். ஆகவே இது கலப்படமன்று. சட்டம் அளந்து கொடுத்த கலவை. சாதாரணச் சிமெண்டுக்குச் சுண்ணாம்புக் கல்லை வெட்டியெடுத்து 1,450 டிகிரி வரை சுட வேண்டும். கசடோ ஏற்கெனவே ஒருமுறை வெந்த பொருள். அது சேருமளவுக்கு மலையும் மிச்சம், கரியும் மிச்சம்.

அடுத்து நிலக்கரிச் சாம்பல். அனல் மின் நிலையங்களில் எரியும் நம் நாட்டு நிலக்கரியில் நூற்றுக்கு 30 முதல் 45 பங்கு வரை சாம்பலாகவே எஞ்சுகிறது. புகையோடு பறக்கும் நுண்சாம்பலைப் பிடித்து, சுண்ணாம்பும் ஜிப்சமும் மணலும் நீரும் கூட்டி அச்சிலிட்டு அழுத்தினால் கல்லாகிறது. இதற்குச் சூளை தேவையில்லை. வயலின் மேல்மண்ணும் தேவையில்லை. விசாகப்பட்டினத்தைச் சேர்ந்த காளிதாஸ், பானுமதிதாஸ் என்னும் இருவர் ஃபால்-ஜி என்ற பெயரில் இம்முறையை வகுத்துப் பரப்பினர்.

இதன் அடிப்படை நமக்குப் புதியதன்று. சுட்ட செங்கல்லைப் பொடித்துச் சுண்ணாம்போடு கலந்த சுர்க்கிக் காரையே 1895-இல் முடிந்த முல்லைப் பெரியாற்று அணையைப் பிணைத்தது. நெருப்பில் வெந்த மண்ணும் சுண்ணாம்பும் நீரிலே ஒன்றாகி இறுகும் என்பதே அங்கும் இங்கும் உள்ள தத்துவம்.

இவ்வளவு முயற்சி எதற்கு என்று கேட்கலாம். 1996-97-ஆம் ஆண்டில் நம் நாட்டில் உண்டான சாம்பல் சுமார் 7 கோடி டன். அதில் பத்தில் ஒரு பங்குகூடப் பயன்படவில்லை. 1999-இல் மத்திய அரசு ஆணையிட்டு, மின் நிலையங்களைச் சுற்றியுள்ள பகுதிகளில் செங்கல் முதலியவற்றுக்குச் சாம்பலைப் பயன்படுத்த வேண்டுமென விதித்தது. 2021-22-இல் சாம்பல் 27 கோடி டன்னாகப் பெருகியபோதிலும், சிமெண்டு, கல், சாலை, பள்ளம் நிரப்புதல் எல்லாம் சேர்த்து நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் பயன்பட்டதாக அரசுக் கணக்கு கூறுகிறது. பயன்படாத கழிவு எங்கே போகும்? கரை கட்டித் தேக்குவார்கள். 2020 ஏப்ரலில் சிங்ரௌலிப் பகுதியில் அத்தகைய சாம்பற் குளத்தின் கரை உடைந்து உயிர்ச் சேதம் விளைந்தது. நம் மாநிலத்து முரியிலும் 2019 ஏப்ரலில் அலுமினா ஆலையின் செஞ்சேற்றுத் தேக்கம் உடைந்து இரயில் பாதைவரை பரவியது. நாம் வாங்க மறுக்கும் கழிவு, ஆலையின் மதிலோரத்தில் வாழும் ஏழையின் வாயிலில்தான் போய்க் குவிகிறது.

எனினும் கழிவெல்லாம் நன்று என்று நான் கூற வரவில்லை. ஊது உலைக் கசடு வேறு. இரும்பை எஃகாக்கும் உலையில் வரும் கசடு வேறு. பின்னதில் கூடாத சுண்ணாம்பு தங்கியிருக்கும். ஈரம் பட்டால் அது நாளடைவில் உப்பும். வெயிலிலும் மழையிலும் போட்டு முதிரவிட்டுப் பக்குவப்படுத்தினால் அதுவும் பயன்படும். 2022-இல் சூரத்தையடுத்த ஹசீராவில் அதைக்கொண்டே சாலை அமைத்துள்ளனர். பக்குவப்படுத்தாமல், மலிவாகக் கிடைக்கிறதென்று வீட்டுத் தளத்தின்கீழ் கொட்டினால் தளம் தூக்கி வெடிக்கும். அதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

நண்பர் ஒருவர் தஞ்சைப் பக்கத்திலுள்ள தம் கிராமத்தில் கசட்டுச் சிமெண்டால் வீடு கட்டினார். மேல்தளம் போட்ட மறுநாளே விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிவிட்டார். சித்திரை வெயில். கொத்தனார் மூன்று நாளோடு தண்ணீர் விடுவதை நிறுத்தினார். தளமெங்கும் மயிரிழை வெடிப்புகள் கண்டன. சுற்றத்தார் அனைவரும் "குப்பைச் சிமெண்டு" என்று தூற்றினர். பிறகு வந்து பார்த்த எஞ்சினியர், "குற்றம் சிமெண்டில் இல்லை ஐயா, தளம் தாகத்தால் வெடித்திருக்கிறது" என்றாராம். செப்பனிடும் செலவு அவ்வாண்டு மகளின் படிப்புக்கென வைத்திருந்த பணத்தை விழுங்கிற்று.

ஆகவே சில குறிப்புகளை மனத்திற் கொள்ளுங்கள். மூட்டையின்மேல் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் சிமெண்டின் வகையும் அச்சிட்டிருக்கும், படித்துப் பாருங்கள். கசட்டுச் சிமெண்டு மெதுவாக வலுப்பெறும். ஆகவே குறைந்தது 10 நாளும், கடுங்கோடையில் 14 நாளும் ஈரம் காயாமல் காக்க வேண்டும். சென்ட்ரிங் பலகையைப் பிரிக்க அவசரப்படலாகாது. அது உப்புக் காற்றையும் உப்பு நீரையும் நன்கு தாங்குமாதலால், நாகை, தூத்துக்குடிக் கரையோரத்தார்க்கு மிகவும் ஏற்றது. சாம்பற் கல்லை வாங்குமுன் ஒரு கல்லை நிறுத்து, ஒருநாள் முழுதும் நீரில் ஊறவிட்டு மீண்டும் நிறுத்துப் பாருங்கள். எடை ஐந்தில் ஒரு பங்குக்குமேல் கூடலாகாது. அதாவது 3 கிலோக் கல் 600 கிராமுக்குமேல் நீர் குடித்தால் அதனை வாங்காதீர்கள். விளிம்பு உதிரும் கல்லும், ஈரத்தில் முதிராத புதுக்கல்லும் வேண்டாம்.

இறுதியாகச் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். எஃகு ஆலையிலும் கட்டுமானத் துறையிலும் பழுத்த அனுபவமுடைய பெரியோர் பலர் நம்மிடையே உள்ளனர். ஊரில் வீடு கட்டப் போகும் குடும்பத்தார் புறப்படுமுன் அவர்களிடம் ஐயம் கேட்டுத் தெளிய, மாதம் ஒருநாள் மாலையில் நம் நூலகத்திலேயே ஓர் ஏற்பாடு செய்யலாம். செலவில்லாத இத்தொண்டு, வெளியூரிலிருந்துகொண்டே வீடு கட்டும் ஒருவரின் ஆயுட்காலச் சேமிப்பைக் காக்கும்.