பிராக்: ஒரு நாள் போதும், ஆனா கீழேயும் பாருங்க

இன்னைக்கு எபிசோட்ல செக் குடியரசின் தலைநகரம் பிராக். கையில ஒரே நாள்தான் இருக்கு, என்ன பார்க்கலாம்னு சிலர் கேட்டிருந்தீங்க. நான் நடந்த வழியையே சொல்றேன். மேலே கோட்டையில ஆரம்பிச்சு, கீழே இறங்கி வர்ற வழி. முழங்கால் வலி இருக்கிறவங்களுக்கும் இதுதான் சௌகரியம்.

ஒரே ஒரு வேண்டுகோள். பிராகில் எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கிட்டேதான் நடக்கிறாங்க. கோபுரம், கடிகாரம், சிலைன்னு அவ்வளவு இருக்கு. நீங்க அப்பப்போ தரையையும் பாருங்க. அந்த ஊரோட கதையில பாதி அங்கேதான் இருக்கு.

காலையில் 22ஆம் நம்பர் டிராம் பிடிச்சு கோட்டைக்குப் போனேன். காகித டிக்கெட் வாங்கினா, ஏறினதும் மெஷின்ல முத்திரை குத்திக்கணும். இல்லேன்னா கையில டிக்கெட் இருந்தும் அபராதம்தான். கோட்டைக்குள்ள இருக்கிற புனித வீட்டஸ் பேராலயத்தை 1344ல் கட்ட ஆரம்பிச்சு 1929ல்தான் முடிச்சிருக்காங்க. கிட்டத்தட்ட 600 வருஷம்!

பக்கத்திலேயே பழைய அரண்மனை. அங்கே ஒரு ஜன்னலைத் தவறாம பாருங்க. 1618 மே 23ஆம் தேதி, கோபத்தில் இருந்த புரோட்டஸ்டன்ட் பிரபுக்கள் ஹாப்ஸ்பர்க் அரசரின் பிரதிநிதிகள் ரெண்டு பேரையும் ஒரு செயலாளரையும் அந்தப் பக்கம் ஜன்னல் வழியா வெளியே தூக்கிப் போட்டாங்க. சுமார் 20 மீட்டர் உயரம். மூணு பேருமே பிழைச்சுக்கிட்டாங்க. கேட்கச் சிரிப்பா இருக்கும். ஆனா 1648 வரைக்கும் ஐரோப்பாவை எரித்த முப்பதாண்டுப் போர் அங்கேதான் தொடங்கியது.

அங்கிருந்து இறங்கினா சார்லஸ் பாலம். 1357ல் வேலை தொடங்கின பாலம். ரெண்டு பக்கமும் 30 சிலைகள். அதில் பல இப்போ நகல்தான், அசல்களை மழை, புகையிலிருந்து காப்பாத்த உள்ளே எடுத்து வெச்சுட்டாங்க. பாலத்தோட மறுமுனையில் ஒரு கோபுரம் இருக்கு. எல்லாரும் செல்ஃபி எடுக்கிற இடம். 1620ல் வெள்ளை மலைப் போரில் புரோட்டஸ்டன்ட் தரப்பு தோத்துப்போச்சு. அடுத்த வருஷம் அவங்க தலைவர்கள் 27 பேருக்கு மரண தண்டனை. அதில் 12 பேரோட தலைகளை இதே கோபுரத்தில்தான் தொங்கவிட்டாங்க.

தண்டனை நடந்தது பழைய நகரச் சதுக்கத்தில், 1621 ஜூன் 21. இன்னைக்கு அங்கே கூட்டம் கூடுறது வானியல் கடிகாரத்துக்காக. 1410ல் செய்த கடிகாரம். மணி அடிக்கும்போது ஒரு எலும்புக்கூடு மணிக்கயிற்றை இழுக்கும், மேலே ஜன்னலில் இயேசுவின் சீடர்கள் வரிசையா வந்து போவாங்க. தாஜ்மஹால் கட்டினவங்க கையை வெட்டினதா நம்ம ஊர்ல சொல்வாங்களே, அதே மாதிரி இந்தக் கடிகாரம் செஞ்சவரோட கண்ணைக் குருடாக்கினதா இங்கேயும் ஒரு கதை. வெறும் கதைதான்.

நிஜம் ரெண்டு எட்டு தள்ளி இருக்கு. கடிகாரத்திலிருந்து அந்த மூலை திரும்பினதும், நகர மன்றச் சுவர் ஓரமா, தரைக்கல்லில் 27 வெள்ளைச் சிலுவைகள் பதிச்சிருக்காங்க. நான் போனப்போ அதுமேலேயே நின்னு ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கிட்டிருந்தாங்க. அவங்களைக் குறை சொல்லலை. யாராவது சொன்னாத்தானே தெரியும்?

மத்தியானம் யூதர் பகுதிக்குப் போங்க. சனிக்கிழமை மூடியிருக்கும், கவனம். பின்காஸ் ஜெப ஆலயத்துக்குள்ள நுழைஞ்சதும் பேச்சு தானா நின்னுடும். நாஜிகள் கொன்ற சுமார் 78,000 செக் யூதர்களோட பெயர்கள், சுவர் முழுக்க, கையால எழுதினது. 1950களில் எழுதினாங்க. 1968ல் நிலத்தடி நீர் ஊறுதுன்னு ஆலயத்தை மூடினாங்க. வேலை வருஷக்கணக்கில் இழுத்து, அந்தப் பெயர்களே இல்லாமப் போச்சு. கம்யூனிஸ்ட் ஆட்சி விழுந்த பிறகு, 1990களில் மறுபடியும் முதல்லேருந்து ஒவ்வொரு பெயரா எழுதியிருக்காங்க.

மாடியில் தெரேசின் முகாமில் இருந்த குழந்தைகள் வரைந்த படங்கள். அவங்களுக்கு வரையக் கத்துக்கொடுத்தவர் ஃப்ரீட்ல் டிக்கர்-பிராண்டைஸ் என்ற ஓவியர். 1944ல் அவரை ஆஷ்விட்ஸுக்கு அனுப்பும் முன்னாடி, சுமார் 4,500 படங்களை ரெண்டு பெட்டியில் ஒளிச்சு வெச்சுட்டுப் போனார். அவர் திரும்பலை. படங்கள் தப்பிச்சுது. பட்டாம்பூச்சி, வீடு, சூரியன்னு நம்ம வீட்டுப் பிள்ளைங்க வரையறதுதான். கீழே வயசு எழுதியிருக்கு, அதைப் படிக்கத்தான் முடியலை.

சாயங்காலம் வென்செஸ்லாஸ் சதுக்கம். தேசிய அருங்காட்சியகத்துக்கு முன்னாடி, தரையிலிருந்து எழுந்திருக்கப் பார்க்கிற மாதிரி ஒரு வெண்கலச் சிலுவை. சோவியத் படையெடுப்புக்குப் பிறகு ஊர் அடங்கிப்போனதை எதிர்த்து, 1969 ஜனவரி 16ஆம் தேதி யான் பலாக் என்ற 20 வயசு மாணவர் இந்த இடத்துக்குப் பக்கத்தில் தனக்குத்தானே தீ வெச்சுக்கிட்டார். மக்கள் அவர் கல்லறைக்குப் பூ கொண்டுபோறதைப் பொறுக்காம, 1973ல் ரகசிய போலீஸ் உடலைத் தோண்டி எடுத்து எரிச்சுட்டாங்க. 1990ல் அந்தச் சாம்பல் அதே இடத்துக்குத் திரும்பி வந்தது.

1968 நம்ம தமிழையும் தொட்டது. பிராகில் பிறந்த தமிழறிஞர் கமில் சுவலெபில் அந்தப் படையெடுப்புக்குப் பிறகுதான் நாட்டை விட்டுப் போனார். பிறகு நெதர்லாந்தில் பேராசிரியர் ஆனார். தமிழ் இலக்கியம் பற்றிய அவரோட 'த ஸ்மைல் ஆஃப் முருகன்' 1973ல் வந்தது.

இந்த ஊர்ல அழிச்சவங்களும் உண்டு, திரும்ப எழுதினவங்களும் உண்டு. எழுதினதைப் படிக்க வேண்டியது நம்ம வேலை. அதனால போறவங்க நல்ல ஷூ போட்டுக்கங்க. கல் பாவின தெரு, ஹீல்ஸ் வேண்டவே வேண்டாம். கடிகாரத்தைப் பார்த்த பிறகு அஞ்சு நிமிஷம் அந்த 27 சிலுவைகளுக்கும் கொடுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.