குன்றும் குடாவும்: திருகோணமலையின் துவிச்சக்கர வண்டி வழிகள்

மலை என்றதும் நுவரெலியாவையும் பதுளையையும் நினைப்பதே இலங்கையர் வழக்கம். திருகோணமலையைத் துறைமுகமென்று கூறுவோர் பலர். மலைப்பாங்கான நிலமென்று கூறுவோர் சிலரே. ஆயினும் அவ்வூரின் பெயரிலேயே மலை நிற்கின்றது. கோணேசர் கோயில் கொண்ட சுவாமி மலை, வீடுகள் நெருங்கிய உவர்மலை, உட்டுறைமுகத்தின் வாயிலைக் காத்து நிற்கும் ஒஸ்தென்பேர்க் முகடு, கன்னியாவைச் சூழ்ந்த காட்டுக் குன்றுகள் ஆகிய யாவும் அந்நிலத்தின் இயல்பைக் காட்டுவன. இவற்றுள் வானளாவிய சிகரம் ஒன்றேனும் இல்லை. எனினும், கடல்மட்டத்திலிருந்தே இவை எழுவதால், இவற்றின் ஏற்றம் எத்தகையது என்பதைத் துவிச்சக்கர வண்டியை மிதித்துச் செல்பவனின் மூச்சு நன்கறியும்.

குன்றுகளுக்கிடையே கடல் புகுந்து குடாக்களாய்ப் பரந்திருப்பது இந்நிலத்தின் மற்றோர் இயல்பு. எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியும். அங்குள்ள தென்னைகளையும் எண்ணிவிடலாம். ஆனால் அதனை அடைவதற்குக் குடாவைச் சுற்றிப் பல கட்டை தூரம் செல்ல வேண்டும். ஆகவே, இம்மாவட்டத்தில் வழி என்பது சிறிய பொருளன்று.

குன்றுகளினூடே துவிச்சக்கர வண்டியோட்டுவது இன்று உலகெங்கும் ஒரு விளையாட்டாக வளர்ந்துள்ளது. அகன்ற சில்லுகளும், வலிய தடைகளும், ஏற்றத்திற்கேற்ப மாற்றத்தக்க பற்சக்கரங்களும் கொண்ட மலைத் துவிச்சக்கர வண்டி, 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலே உருப்பெற்றது. அதற்கு முன்னரே, 1955ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் லெம்ஸ்டர் நகரிலே, கரடுமுரடான தடங்களில் சாதாரண வண்டிகளைச் செலுத்த விரும்பியோர் கூடி ஒரு சங்கம் அமைத்தனர். அவர்களிடம் புதிய பொறி எதுவும் இருக்கவில்லை. குன்றுகளும், அவற்றினூடே நெடுங்காலமாகப் பயின்று வந்த பாதைகளும் இருந்தன.

ஆங்கில நாட்டின் சிறப்பு அதன் குன்றுகளில் மட்டும் இல்லை. பாதைகளைப் பேணும் முறையிலும் உள்ளது. பொதுமக்கள் நடக்கும் பாதைகளையும் குதிரைப் பாதைகளையும் அளந்து வரைபடத்திலே பதிய வேண்டுமென 1949ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளூராட்சி மன்றங்களைப் பணித்தது. 1968இல் வந்த மற்றொரு சட்டம் குதிரைப் பாதைகளிலே துவிச்சக்கர வண்டி செல்லும் உரிமையை அளித்தது. அவ்வுரிமையுடன் ஒரு கடமையையும் அது பிணைத்தது: வண்டியோட்டுபவர் நடந்து செல்வோருக்கும் குதிரையில் வருவோருக்கும் வழிவிட வேண்டும். தென் இங்கிலாந்தின் சுண்ணக் குன்றுகளின் மேல், வின்செஸ்டரிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை ஏறத்தாழ 160 கிலோமீற்றர் நீளும் சவுத் டவுன்ஸ் வழியில், தனியாருடைய வயல்களுக்கும் மேய்ச்சல் நிலங்களுக்கும் இடையே எவரும் தடையின்றிச் செல்வது இத்தகைய ஏற்பாட்டினாலேயாம்.

இனித் திருகோணமலையின் வழிகளை நோக்குவோம்.

முதலாவது, நகரத்துள்ளே அமைந்த குறுவழி. பிரெட்ரிக் கோட்டையின் வாயிலிற் புகுந்து, நிழல் மரங்களின் கீழ் மேயும் புள்ளிமான்களைக் கடந்து, மெல்லென உயரும் வீதியால் கோணேசர் கோயிலை அடையலாம். 1620களிலே போர்த்துக்கேயர் பழைய கோயிலை இடித்து எழுப்பிய கோட்டை இது. அங்கிருந்து இறங்கி உவர்மலைக்கு ஏறினால் உட்டுறைமுகத்தின் நீர்ப்பரப்புப் புலப்படும். ஒஸ்தென்பேர்க் முகடோ கடற்படைத் தளத்தின் எல்லைக்குட்பட்டது. அனுமதியின்றி அங்குச் செல்ல இயலாது.

இரண்டாவது, கன்னியா வழி. அனுராதபுர வீதியால் ஏறத்தாழ 8 கிலோமீற்றர் சென்றால் ஏழு வெந்நீர்க் கிணறுகளைக் காணலாம். ஒவ்வொன்றின் வெம்மையும் வெவ்வேறு. இராவணன் தன் தாயின் கடன்களைச் செய்வதற்காக இவற்றைத் தோற்றுவித்தான் என்பது மக்கள் வழங்கும் கதை. இப்பகுதிக்கு வடக்கே, பெரியகுளத்தை அண்டி, சோழர் காலத்திலே இராசராசப் பெரும்பள்ளி எனப் பெயர் பெற்ற பௌத்தப் பள்ளியும் அதன் தமிழ்ச் சாசனங்களும் உள்ளன. கச்சான் காற்று அனலாய் வீசும் மாதங்களில் இவ்வழியே நண்பகலிற் செல்வது அறிவுடைமையன்று. காட்டு யானைகள் உலவும் மாவட்டமாதலின், பொழுது சாயுமுன் திரும்புதல் நன்று.

மூன்றாவது, குடாவைச் சுற்றும் நெடுவழி. நகரிலிருந்து சீனக்குடா சென்று, அங்கிருந்து கிண்ணியாவை அடைந்து, அப்பால் மூதூருக்குச் செல்வது இது. கிண்ணியாவிலே கடல்வாய் குறுக்கிடுகின்றது. 2009ஆம் ஆண்டிற்கு முன்னர் மக்களும் வண்டிகளும் அதனை மிதவையிலேயே கடந்தனர். அவ்வாண்டிலே 396 மீற்றர் நீளமான பாலம் திறக்கப்பட்டது. கீழ் மாகாணத்தார் இத்தகைய மிதவையைப் ‘பாதை’ என்றே அழைப்பர். நிலத்தின் மேற் செல்லும் வழிக்கும் நீரின் மேற் செல்லும் மிதவைக்கும் ஒரே பெயர்! வழி அறுந்துவிட்டால் வாழ்வு அறும் என்பதனை அறிந்த மக்களின் சொல் அது.

அச்சொல்லின் பொருளைத் துயரத்தோடு உணர்த்திய நாள் 2021 நவம்பர் 23ஆம் திகதி. கிண்ணியாவை அடுத்த குறிஞ்சாக்கேணியிலே, பாலத்தின் வேலை முடியாதிருந்த காலத்தில், மாற்று வழியாக ஓடிய மிதவை கவிழ்ந்தது. பள்ளிச் சிறுவர் உட்படப் பலர் உயிரிழந்தனர். விளையாட்டிற்காக வழி தேடுவோர் ஒருபுறமிருக்க, பள்ளிக்கும் சந்தைக்கும் வழி வேண்டி நிற்போர் மற்றொருபுறம் உள்ளனர் என்பதனை அந்நாள் மறக்கவொட்டாது.

திருகோணமலையிலே துவிச்சக்கர வண்டி பெரும்பாலும் உழைப்பவரின் வாகனம். பின்னால் மீன் பெட்டியைக் கட்டி ஊர் ஊராகச் செல்லும் வியாபாரி, விறகு சுமந்து காட்டோரத்திலிருந்து வருபவர், காலையில் வேலைக்கு விரையும் கூலியாளர் ஆகியோர் ஓட்டும் வண்டிக்குப் பற்சக்கர மாற்றம் இல்லை. ஏற்றம் வந்தால் இறங்கி உருட்டுவர். இறக்கம் வந்தால் தடையைப் பற்றிக்கொண்டு மெல்ல விடுவர். எந்தக் குன்றை எப்பக்கத்தால் சுற்றினால் ஏற்றம் தணியும், எந்தத் தடம் மாரியிலே நீரில் அமிழும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அவர்கள் கண்ட ஒற்றையடித் தடங்களே இம்மாவட்டத்தின் மெய்யான குன்றுவழிகள்.

அவ்வண்டியின் அருமையை நாடு முழுவதும் உணர்ந்த காலமும் வந்தது. 2022 ஜூன் மாத இறுதியிலே, அத்தியாவசிய சேவைகளுக்கன்றிப் பிறவற்றுக்கு எரிபொருள் விற்பனையை அரசாங்கம் நிறுத்தியது. மோட்டார் வாகனங்கள் முடங்கின. துவிச்சக்கர வண்டிகளுக்குப் பெருந்தேவை எழுந்தது. அவ்வேளையிலும் சீனக்குடாவின் மரங்களிடையே, பிரித்தானியர் தம் கடற்படைக்கென அமைத்த எண்ணெய்த் தாங்கிகள் 99 நின்றுகொண்டிருந்தன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10,000 தொன் கொள்ளத்தக்கது. அவற்றின் அருகாலே மக்கள் தம் கால் வலியால் வண்டியோட்டிச் சென்றனர். தாங்கிகள் பல இருந்தும், அவற்றை நிரப்பப் பொருளில்லாத நாட்டிற்குக் கைகொடுத்தவை இரண்டு சில்லுகளே.

சுற்றுலாவினால் இம்மாவட்டம் வளம்பெற வேண்டுமென்போர் குன்றுகளினூடே புதிய வழிகளை அமைக்க விரும்பலாம். அது தவறன்று. ஆனால் புதிய வழியை வகுக்குமுன் பழைய வழியைக் கணக்கெடுத்தல் முறையாகும். பொதுப் பாதைகளைப் பேணும் பொறுப்பு, 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பிரதேச சபைகளுக்குரியது. காட்டோரத் தடங்களையும் குளக்கட்டு வழிகளையும் அவை வரைபடத்திற் பதிந்துவிட்டால், ஒருவர் வேலியிட்டதும் மறைந்துபோகும் நிலை அவ்வழிகளுக்கு வாராது. ஆங்கிலக் குன்றுகளிலிருந்து கற்கத்தக்கது இதுவே: வழியை வரைபடத்தில் எழுதுக, அதனை எல்லோருக்கும் பொதுவாக்குக, விரைந்து செல்பவன் மெல்ல நடப்பவனுக்கு ஒதுங்கி நிற்பானாக.

உல்லாசத்திற்காக வண்டியோட்டி வரும் பயணியும், மீன் பெட்டியுடன் எதிரே வரும் வியாபாரியும் ஒரு குறுந்தடத்திலே சந்திப்பார்களாயின், வழிவிட வேண்டியவர் பயணியே. ஏனெனில் அவர் செல்வது மற்றவர் கால்களால் உண்டான பாதை.