விந்தைப் பாத்திரமும் நடுவரின் கடமையும்

விளையாட்டு என்றவுடன் வெற்றியும் தோல்வியுமே பலரின் நினைவுக்கு வரும். ஆனால், வென்றவர் என்றும் தோற்றவர் என்றும் எவரும் இல்லாத ஆட்டம் ஒன்று உண்டு. நால்வர் ஐவர் ஒரு மேசையைச் சூழ்ந்து அமர்வர். அவருள் ஒருவர் நடுவர். ஏனையோர் தத்தமக்கென ஒரு கற்பனைப் பாத்திரத்தை ஏற்பர். நடுவர் ஓர் உலகத்தைச் சொல்லால் வரைந்து காட்டுவார். “முன்னே பாழடைந்த கோட்டை நிற்கிறது, வாயிலில் காவலர் இருவர், யாது செய்வீர்கள்?” என வினவுவார். ஆட்டக்காரர் தம் பாத்திரம் செய்வதை எடுத்துரைப்பர். செயல் கைகூடுமோ கூடாதோ என்ற ஐயம் எழும்போது பகடை உருட்டப்படும். இவ்வாறு ஒரு நாள் மாலையில் தொடங்கும் கதை பல மாதங்கள், சில வேளை பல ஆண்டுகள், வளர்ந்து செல்வதும் உண்டு.

இவ்வகை ஆட்டங்களுள் முதன்முதல் அச்சேறி விற்பனைக்கு வந்தது ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ என்பதாகும். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் அமெரிக்கர் இருவர் அதனை ஆக்கினர். விஸ்கொன்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து 1974 ஆம் ஆண்டில் அது வெளிவந்தது. சிறிய பெட்டி ஒன்றினுள் மூன்று சிறு நூல்கள். முதற் பதிப்பு 1,000 பெட்டிகள். அச்சிறு தொடக்கத்திலிருந்து உலகின் பல நாடுகளில் இலட்சக்கணக்கானோர் ஆடும் பொழுதுபோக்காக அது வளர்ந்தது.

வாளேந்திய வீரன், மந்திரம் கற்றவன், நோய் தீர்க்கும் குருவானவன், பூட்டுத் திறக்கும் கள்வன் ஆகியோரே இவ்வாட்டத்தில் வழக்கமாக வரும் பாத்திரங்கள். இவரோடு மலைக்குள் வாழும் குள்ளரும், கானகத்து எல்வ் இனத்தாரும் சேர்வர். ஆயினும், ஏதோ ஒரு நாள் ஓர் ஆட்டக்காரர் வந்து, “இம்முறை என் பாத்திரம் ஒரு டிராகன்” என்பார். வேறொருவர், ஊரார் அனைவரும் அஞ்சி வெறுக்கும் ஓர்க் இனத்து இளைஞனாக வர விரும்புவார். இன்னொருவர், இரத்தம் உறிஞ்சும் பேயாக வருவேன் என்பார். அப்போது நடுவர் செய்யத் தக்கது யாது? மறுத்தால் ஒருவரின் கற்பனை வாடும். இசைந்தால் மற்றையோரின் ஆட்டம் கெடக்கூடும். மேசையைச் சூழ்ந்திருப்போரின் நட்பே இவ்வினாவில் பணயமாகிறது.

இந்தச் சிக்கல் அவ்வாட்டத்தோடு உடன்பிறந்தது எனலாம். அது அச்சேறுமுன், மினசோட்டா மாநிலத்தில் ஆர்னசன் நடத்திய ‘பிளாக்மூர்’ என்னும் கதையில், ஓர் ஆட்டக்காரரின் பாத்திரம் இரத்தம் உறிஞ்சும் பேயாக மாறிற்று. ‘சேர் ஃபாங்’ எனப்பட்ட அப்பாத்திரம் நாளடைவில் எவராலும் வெல்லற்கரிய வலிமை பெற்றது. உடனாடியோர் திகைத்தனர். அதற்கு எதிராக, பேய்களை விரட்டும் ஆற்றலுடைய குருவானவர் பாத்திரம் ஒன்று புதிதாக ஆக்கப்பட்டது. 1974 ஆம் ஆண்டு நூலில் இடம்பெற்று இன்றும் நிலைத்திருக்கும் குருவானவர் வகை அவ்வாறு பிறந்ததே. விந்தைப் பாத்திரம் ஒன்றின் மிகையைச் சமன் செய்யப் புகுந்த முயற்சி, ஆட்டத்துக்கே புதிய செல்வம் ஒன்றைத் தேடித் தந்தது.

நூலாசிரியர் தாமும் இவ்விடயத்தில் ஒரே கருத்தில் நிற்கவில்லை. 1974 ஆம் ஆண்டு நூல், வலிமை குன்றிய நிலையில் தொடங்கிப் படிப்படியாக உயர இசைவாராயின், எவ்வுயிராகவும் ஒருவர் ஆடலாம் என்றது. டிராகனாக விரும்புவோர் இளங்குட்டியாகத் தொடங்குக என்பதே அது காட்டிய வழி. ஐந்தாண்டு கழித்து, 1979 இல் நடுவர்க்கென எழுதிய கைந்நூலில் கைகாக்ஸ் வேறு குரலிற் பேசினார். இவ்வாறு கேட்போரிற் பெரும்பாலோர் பிறரை விஞ்சும் வலிமையை நாடியே கேட்கின்றனர் என்பது அவர் கருத்து. மேலும், மனிதரை நடுவாகக் கொண்ட உலகமே ஆட்டக்காரர்க்கும் நடுவர்க்கும் பழகியதாய், கற்பனைக்கு உறுதியான நிலமாய் அமையும் என்றும் அவர் வாதித்தார்.

இவ்விரு கூற்றிலும் உண்மை உண்டு. ஆனால், ஆசையின் காரணம் வலிமை ஒன்றே எனக் கொள்வது எல்லார்க்கும் பொருந்தாது. 1976 இல் கென் செயின்ட் ஆன்ட்ரே ஆக்கிய ‘மான்ஸ்டர்ஸ்! மான்ஸ்டர்ஸ்!’ என்னும் ஆட்டத்தில், ஆட்டக்காரர் அனைவருமே அரக்கராக வந்தனர். 1978 இல் வெளிவந்த ‘ரூன்குவெஸ்ட்’, மனிதரையும் ஏனை உயிர்களையும் ஒரே அளவுகோலால் அளந்தது. அதன் உலகத்தில் ட்ரோல் எனப்படும் அரக்க இனத்துக்கு வரலாறும் சமயமும் குடும்ப முறையும் வகுத்துரைக்கும் தனித் தொகுப்பு ஒன்று 1982 இல் வந்தது. அதனைக் கற்றோர்க்கு, ட்ரோல் வெட்டி வீழ்த்தத் தக்க பகை மட்டுமன்று, துயரும் பெருமிதமும் உடைய ஒரு மக்கட் கூட்டம் என்பது விளங்கிற்று. அத்தகைய பாத்திரத்தை விரும்புவோர் வலிமையைத் தேடுவோர் அல்லர். வேறொரு கண்ணால் உலகைக் காண விழைவோர்.

வலிமையை எண்ணால் அளந்து சமன் செய்யும் முயற்சியும் நடந்தது. 2000 ஆம் ஆண்டில் வந்த மூன்றாம் பதிப்பும், 2003 இல் வந்த ‘சாவேஜ் ஸ்பீசிஸ்’ என்னும் நூலும், அரக்கப் பாத்திரத்தின் பிறவி ஆற்றலை இத்தனை படிக்குச் சமம் எனக் கணக்கிட்டன. அப்பாத்திரம் அத்தனை படி பின்தங்கி நடக்க வேண்டும். கணக்கு நேர்மையானதே. எனினும், பேராற்றல் ஒன்றைக் கைக்கொண்ட பாத்திரம், உடலுறுதியில் தோழரினும் நலிந்து, ஓர் அடியிலேயே வீழ்வதும் இதனால் நேர்ந்தது. எண் மட்டும் இச்சிக்கலைத் தீர்த்துவிடாது என்பதற்கு இது சான்று.

காலப்போக்கில் விந்தை என்பதன் எல்லையும் நகர்ந்தது. 1988 இல் ஆர். ஏ. சல்வடோர் எழுதிய நாவலில் டிரிஸ்ட் என்னும் கரிய எல்வ் வீரன் தோன்றினான். கொடிய இனத்திற் பிறந்து நன்னெறி நின்ற அவனைப் போல் ஆட விரும்பியோர் பெருகினர். 2014 ஆம் ஆண்டு நூல், டிராகன் வழிவந்த மனித உருவினரையும் ஆட்டக்காரர்க்கு உரிய இனமாக வைத்தது. ஆயினும் அவர் அரிதாகக் காணப்படுவோர் எனக் குறித்தது. 2024 ஆம் ஆண்டு நூலில் ஓர்க் இனமும் முதன்மைப் பட்டியலில் இடம்பெற்றது. எனவே, விந்தை என்பது நூலில் எழுதி வைத்த பட்டியல் அன்று. குறித்த மேசையில், குறித்த கதையில், எது பொருந்தாது நிற்கிறதோ அதுவே விந்தை.

இனி, ஓர் எடுத்துக்காட்டால் இதனை ஆராயலாம். எல்லைப்புற ஊர் ஒன்று. அதன் சுரங்கத்தில் இனந்தெரியாத ஆபத்து. அதனை அறியப் புறப்படும் நால்வரில் ஒருவர் வீரன், ஒருவர் குருவானவர், ஒருவர் கள்வன். நான்காமவர் இளம் டிராகனாக வர விரும்புகிறார் எனக் கொள்க.

நடுவர் முதலில் கேட்கத் தக்கது, டிராகனிடம் அவர் விரும்புவது யாது என்பதே. பறத்தலும் தீயுமிழ்தலும் என்பாராயின், அவர் வேண்டுவது ஆற்றல். அதனை மறுக்க வேண்டியதில்லை. காலத்தாற் பகுத்துக் கொடுத்தல் போதும். தொடக்கத்தில் உயரத்திலிருந்து கீழ்நோக்கி மிதந்திறங்க மட்டுமே இயலும். தீயோ நாளுக்கு ஒருமுறை. ஏனையோர் தம் கலையில் உயருந்தோறும் இவர் சிறகும் வலுப்பெறும். முதல் நாளே முழுச் சிறகு கொடுத்தால், மதிலும் பள்ளமும் ஆறும் அவர்க்குத் தடையாகா. கள்வன் கற்ற ஏறுங்கலைக்கு வேலையும் இராது.

“கண்டோர் அஞ்சி ஓடும் ஓர் உயிர், ஒருவரின் நம்பிக்கையைப் பெறுவதை ஆடிப்பார்க்க வேண்டும்” என்பாராயின், அவர் வேண்டுவது கதை. அப்போது ஊர்வாயில் அவர்க்கு மூடப்பட்டிருக்கலாம். குருவானவர் பிணை நின்றால் திறக்கலாம். மூடிய கதவின் திறவுகோல் தோழர் கையில் இருப்பதால், அப்பாத்திரத்தின் இடர் அனைவர்க்கும் பங்குடைய காட்சியாகிறது. தோற்றத்தின் புதுமையை மட்டுமே அவர் விரும்பினாராயின், டிராகன் வழிவந்த மனித உருவினராக வருதலே போதும்.

இரண்டாவதாக, விந்தைக்குரிய விலையை யார் செலுத்துகின்றனர் என்பதை நடுவர் நோக்க வேண்டும். டிராகன் ஊருக்குள் நுழைய இயலாது எனின், அந்த இழப்பு அவர்க்கு உரியது. ஆனால், அவர்க்காக நால்வருமே ஒவ்வொரு முறையும் ஊருக்கு வெளியே பனியிற் படுக்க நேரிட்டால், கேளாத கடனைத் தோழர் மூவரும் அடைக்கின்றனர். நடுவரின் நேரமும் அவ்வாறே. நான்கு மணி நேர ஆட்டத்தில் இரண்டு மணி நேரம் ஒருவரின் சிறகையும் வாலையும் பற்றிய வாதத்திற் கழியுமாயின், அது பந்தியில் ஓரவஞ்சனை செய்தது போலாகும்.

மூன்றாவதாக, நடுவர் தம் சொல்லைக் காக்க வேண்டும். வாயால் இசைந்துவிட்டுச் செயலால் மறுப்போர் உளர். ஊருக்கு ஊர் கல்லெறியும் கூட்டம், சாவடிக்குச் சாவடி கைவிலங்கு என அப்பாத்திரத்தை வருத்தி, ஆட்டக்காரர் தாமாகவே விலகும்படி செய்வர். அது நேர்மையன்று. இசையாவிடின் தொடக்கத்திலேயே காரணங் கூறி மறுத்தல் நன்று. அவ்வாறு மறுத்தலும் நடுவர்க்கு உரிமையே. மனிதர் மட்டும் வாழும் துறைமுக நகரத்துச் சூழ்ச்சிக் கதையில் டிராகனுக்கு இடமில்லை எனின், அதனால் எவர்க்கும் அவமதிப்பு இல்லை. ஆட்டந் தொடங்குமுன் அனைவரும் ஒருமுறை கூடி, கதையின் தன்மையையும் தத்தம் விருப்பத்தையும் பேசிக்கொள்ளும் வழக்கம் இதற்கு ஏற்றது. 2020 இல் வெளிவந்த ‘தாஷாஸ் கோல்ட்ரன் ஒஃப் எவ்ரிதிங்’ என்னும் நூல் அவ்வழக்கத்துக்குத் தனிப்பகுதியே ஒதுக்கியது.

ஆட்டக்காரர்க்கும் கடமை உண்டு. தோழரின் பொருளைக் கவர்ந்துவிட்டு, “என் பாத்திரத்தின் இயல்பு அது” என்று சாக்குச் சொல்வோர் உளர். அந்த இயல்பை அதற்கு அளித்தவர் அவரேயன்றோ? கொடிய இனத்திற் பிறந்த பாத்திரத்தை ஏற்பவர், அது இக்கூட்டத்தோடு சேர்ந்து செல்வதற்கான காரணம் ஒன்றையும் உடன் கொண்டுவர வேண்டும். நன்றிக்கடன், பொதுப்பகை, தேடும் உறவு, இவற்றில் ஏதேனும் ஒன்று போதும். அக்காரணமே, விலகி நிற்கும் ஒருவரைக் கூட்டத்தோடு பிணைக்கும் கயிறு.

சேர் ஃபாங்குக்கு எதிராக ஒரு குருவானவர் தோன்றினார். டிராகன் குட்டிக்கு வளரும் காலம் வகுக்கப்பட்டது. ட்ரோல் இனத்துக்கு ஒரு வரலாறே எழுதப்பட்டது. இம்மூன்றிலும் விந்தை விலக்கப்படவில்லை. அதற்குரிய எடையும் எல்லையும் காணப்பட்டன. புதியவர் ஒருவர் வரும்போது, அவர்க்கு இடம் உண்டோ என்பதோடு, அவர் வந்தபின் மற்றையோர்க்கும் இடம் எஞ்சுமோ என்பதையும் சேர்த்து எண்ணும் நடுவரிடம், டிராகனும் வீரனும் ஒரே மேசையில் நெடுநாள் அமர்ந்து ஆடுவர்.