வலி கால்ல, பக் இடுப்புல

போன எபிசோடு ஏன் வரலைன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. உட்கார முடியல, அதான் காரணம். இதையும் நின்னுக்கிட்டேதான் பேசறேன். மைக், அயர்ன் பண்ற டேபிள் மேல இருக்கு.

ஒரு ரிலீஸ் சமயம். ரெண்டு நாள் கட்டில்ல சாய்ஞ்சு, லேப்டாப்பை மடியில வெச்சு வேலை பார்த்தேன். மூணாம் நாள் காலையில வாய் கொப்பளிக்கக் குனிஞ்சப்ப ஒரு தும்மல். இடது பிட்டத்துலேர்ந்து கெண்டைக்கால் வரைக்கும் கரண்ட் அடிச்ச மாதிரி ஓடுச்சு. அம்மா, "வாய்வுப் பிடிப்புடா, பூண்டு சாப்பிடு"ன்னாங்க. நான் கெண்டைக்கால்ல தைலம் தேய்ச்சேன். ரெண்டு பேருமே தப்பான ஃபைல்ல பக் தேடிக்கிட்டு இருந்தோம்.

சியாட்டிக் நரம்புதான் நம்ம உடம்புலயே தடிமனான நரம்பு. முதுகுத்தண்டோட அடிப்பகுதியிலேர்ந்து வர்ற அஞ்சு வேர்கள் ஒண்ணு சேர்ந்து, பிட்டம் வழியா, தொடையின் பின்பக்கமா கீழே இறங்குது. பெரும்பாலும் நடக்கிறது இதுதான்: எலும்புகளுக்கு நடுவுல இருக்கிற டிஸ்க், ஊர்ல ஜவ்வுன்னு சொல்றோமே அது, பிதுங்கி ஒரு வேரை அழுத்துது, புண்ணாக்குது. வேர் இருக்கிறது இடுப்புல. ஆனா மூளைக்கு கால் வலிக்கிறதாத்தான் தகவல் போகும்.

நான் செஞ்ச பெரிய தப்பு, நாலு நாள் அசையாம படுத்தது. வீட்டுல எல்லாரும் சொன்னது அதான். 1999-ல் நெதர்லாந்தில் 183 சியாட்டிகா நோயாளிகளை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். பாதிப் பேருக்கு ரெண்டு வாரம் படுக்கை, மீதிப் பேர் வழக்கம் போல நடமாட்டம். 12 வாரம் கழிச்சு ரெண்டு பக்கமும் 87 சதவீதம் பேருக்குக் குறைஞ்சிருந்தது. அதாவது படுத்ததால எந்த லாபமும் இல்ல.

இன்னொரு ஆசை, எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்துடணும்னு. டாக்டர், "இப்ப வேண்டாம், ஆறு வாரம் பாரு"ன்னார். கோபம் வந்துச்சு. அப்புறம் படிச்சேன்: 1994-ல் முதுகு வலியே இல்லாத 98 பேருக்கு ஸ்கேன் எடுத்ததில், பாதிக்கு மேல டிஸ்க் வீங்கித்தான் இருந்தது. ரிப்போர்ட்டைப் பார்த்து நானே பயந்திருப்பேன், அவ்வளவுதான்.

சரி, வீட்டுல என்ன செய்யலாம்? எனக்கு உதவினது ரொம்ப சாதாரணம். 20 நிமிஷத்துக்கு மேல உட்காரல. போன்ல டைமர், அடிச்சா எழுந்து மொட்டை மாடியில அஞ்சு நிமிஷ நடை. தூங்கும்போது ஒருக்களிச்சுப் படுத்து, முட்டிக்கு நடுவுல தலையணை. இடுப்புல வெந்நீர் ஒத்தடம்; குணமாக்காது, ஆனா இதமா இருக்கும். மாத்திரையை டாக்டர் கிட்ட கேட்டே போடுங்க. மெடிக்கல்ல வாங்கி வாரக்கணக்கா முழுங்கினா வயிறும் கிட்னியும் கெடும்.

அப்புறம் பிசியோ சொல்லிக்கொடுத்தது: குப்புறப் படுத்து ரெண்டு நிமிஷம், பிறகு முழங்கையை ஊன்றி நெஞ்சை மட்டும் தூக்கணும். செய்யும்போது வலி எங்கே போகுதுன்னு கவனிக்கணும். கெண்டைக்கால்லேர்ந்து தொடைக்கு, தொடையிலேர்ந்து பிட்டத்துக்கு ஏறினா நல்ல அறிகுறி, இடுப்புல கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. பாதத்தை நோக்கி இறங்கினா உடனே நிறுத்தணும். வயசானவங்க, நடந்தா கால் வலிச்சு, குனிஞ்சா சுகமா இருக்குன்னு சொன்னா இந்தப் பயிற்சி அவங்களுக்கு இல்ல. அது பெரும்பாலும் வேற பிரச்சினை.

யூட்யூப் பார்த்து கால் விரலைத் தொடுற ஸ்ட்ரெச்சும் செஞ்சு பார்த்தேன். அன்னிக்கு ராத்திரி தூக்கமே இல்ல. புண்ணான நரம்பைப் பிடிச்சு இழுத்திருக்கேன்.

இப்ப சொல்லப்போறதுக்காகத்தான் இந்த எபிசோடே. எங்க பெரியப்பாவுக்கும் இதே வலி இருந்துச்சு. ஒரு கட்டத்துல வலி குறைஞ்சது, ஆனா நடக்கும்போது செருப்பு கழண்டு கழண்டு விழும். நாங்க எல்லாரும் சிரிச்சோம். அது கால் பாதம் தூக்க முடியாம போனது, நரம்பு செத்துக்கிட்டு இருந்திருக்கு. மூணு மாசம் எண்ணெய் தேய்ச்சோம். இன்னிக்கும் அவர் காலை இழுத்துத்தான் நடக்கிறார்.

அதனால தினம் குதிகாலால பத்து அடி நடந்து பாருங்க, விரல் நுனியால பத்து அடி. ஒரு கால் தோத்துப்போனா அன்னிக்கே டாக்டர். சிறுநீர் வராம அடைச்சாலோ, தெரியாம போனாலோ, மலம் கட்டுப்பாடு போனாலோ, சைக்கிள் சீட் படுற இடம் மரத்துப்போனாலோ, ரெண்டு காலும் பலமிழந்தாலோ, நடு ராத்திரின்னாலும் ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போங்க. காலையில பார்த்துக்கலாம்னு இருக்காதீங்க. காய்ச்சலோட முதுகு வலி வந்தாலும், கீழே விழுந்த பிறகு வந்தாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம்.

எனக்கு இது ஏழாவது வாரம். வலி பிட்டத்தோட நிக்குது. நேத்து குனிஞ்சு ஷூ லேஸ் கட்டினேன், அம்மா வாசல்லேர்ந்து பார்த்துக்கிட்டே நின்னாங்க. டைமர் அடிக்குது, நான் மாடிக்குப் போறேன். அடுத்த வாரம் பார்ப்போம்.