கல் பாவிய வாசலில் களை
(வீராம்பட்டினம் உழவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

வயற்களையைப் பற்றிப் பேச வேண்டியவன் வாசற்களையைப் பற்றிப் பேசுகிறானே என்று நீங்கள் நினைக்கலாம். வீட்டு வாசல், மாட்டுக் கொட்டிலின் முன்புறம், நெல் காயவைக்கும் இடம் எல்லாவற்றிலும் இப்போது பேவர் பிளாக் கல் பாவுகிறோம். இரண்டு மழைக்காலம் கழிந்ததும் சந்துக்குச் சந்து பச்சை தெரிகிறது. உடனே உப்பைக் கொட்டுகிறோம், அல்லது வயலுக்கு வாங்கிய களைக்கொல்லியில் மிச்சமிருப்பதை அடிக்கிறோம். அதே இடத்தில்தான் நெல் காய்கிறது, கோழி மேய்கிறது, குழந்தை தவழ்கிறது.

இந்தக் களை எங்கிருந்து வருகிறது? கல்லுக்கு அடியிலிருந்து முளைத்து வருவதாகப் பலரும் எண்ணுகின்றனர். பெரும்பாலானவை மேலிருந்தே வருகின்றன. கல் பாவும்போது கற்களுக்கிடையே ஒரு நெல்மணி அகலத்துக்கு, அதாவது 2 முதல் 4 மில்லிமீட்டர் வரை சந்து விட்டு, அதில் நைஸ் மணலை நிரப்புவார்கள். இறுகிய வெறும் மணலில் விதைக்கு உணவும் இல்லை, ஈரமும் நிற்காது. நாம் குழாயைப் பிடித்துப் பீய்ச்சிக் கழுவக் கழுவ அந்த மணல் வெளியேறிவிடுகிறது. அந்த இடத்தில் புழுதியும் சாணத்தூளும் சருகும் சேர்ந்து நல்ல எரு மண்ணாகிவிடுகின்றன. காற்றில் பறந்து வரும் வெட்டுக்காயப் பூண்டின் விதைக்கு இதைவிட நல்ல நாற்றங்கால் வேண்டுமா? அம்மான் பச்சரிசி, பருப்புக்கீரை, பார்த்தீனியம் எல்லாம் பின்னாலேயே வந்து சேரும்.

நம் பாட்டிமார் காலத்து மண் வாசலில் களை இருந்ததா? இல்லை. விடிந்ததும் பெருக்கி, சாணம் தெளித்துக் கோலம் போட்டார்கள். முளை இரண்டு இலை விடுமுன்பே விளக்குமாற்றில் போய்விட்டது. கல் பாவியதும் வேலை முடிந்தது என்று விட்டுவிட்டோம். கல் பாவிய வாசலுக்கும் தென்னை ஈர்க்கு விளக்குமாறு வேண்டும். வாரம் இருமுறை, ஈரமில்லாத நேரத்தில், சந்தின் குறுக்காகப் பெருக்கினாலே பாதிக் களை தோன்றாது.

ஏற்கெனவே முளைத்திருந்தால் என்ன செய்வது? ஆடியில் செங்கழுநீர் அம்மன் தேருக்காக இவ்வூரில் வீடு வாசலைச் சுத்தம் செய்வீர்கள். அந்த வேலையோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழைக்கு முன் சந்து இறுகிவிடும். முதல்நாள் மாலை இலேசாக நீர் தெளியுங்கள். மறுநாள் காலை தேய்ந்துபோன அரிவாளின் முனையால் ஓர் அங்குல ஆழத்துக்குச் சந்தைச் சுரண்டி, களையையும் கறுப்பு மண்ணையும் சேர்த்தே எடுத்துவிடுங்கள். களையை மட்டும் பிடுங்கி மண்ணை விட்டுவைப்பதுதான் நாம் செய்யும் பெரிய தவறு. பார்த்தீனியம் இருந்தால் பூக்குமுன், கையுறை அணிந்து எடுங்கள். இரண்டு நாள் வெயிலில் காயவிட்டு, சலித்த எம்.சாண்ட் மணலைக் கொட்டிக் குறுக்கும் நெடுக்குமாகக் கூட்டிச் சந்தை நிரப்புங்கள். நீர் தெளித்தால் மணல் கொஞ்சம் இறங்கும். மறுநாள் மீண்டும் நிரப்புங்கள். கடல் பக்கத்திலேயே இருக்கிறதே என்று அங்கு போய் மணல் அள்ளாதீர்கள். அது சட்டப்படி குற்றம். அந்த மணலில் உப்பும் உண்டு.

கோரையும் அருகும் இந்தக் கணக்கில் அடங்கா. இவை உண்மையாகவே அடியிலிருந்து வருபவை. கோரையின் கிழங்குகள் சங்கிலிபோல் ஒன்றோடொன்று தொடர்ந்து ஒரு சாண் ஆழம் வரை இருக்கும். நாலைந்து கற்களில் மட்டும் என்றால் கல்லைப் பெயர்த்து, கிழங்கைத் தோண்டி வெயிலில் காயப்போட்டு, மணல் பரப்பி மீண்டும் கல்லைப் பதியுங்கள். பரவலாக இருந்தால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தவறாமல் அறுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இலை இல்லாவிட்டால் கிழங்கு தன் சேமிப்பைத் தின்று நலிந்துபோகும். ஒரு பருவத்தில் முடியாது; பொறுமை வேண்டும்.

நெல் அவிக்கும் வீடுகளில் அண்டாவில் மிஞ்சும் கொதிநீரைச் சந்தில் ஊற்றினால் இளமுளைகள் கருகிவிடும். பிள்ளைகளைத் தள்ளி நிறுத்திவிட்டு ஊற்றுங்கள்.

உப்பு விஷயத்தில் நானே ஏமாந்தவன். என் வீட்டு முற்றத்துக் கோரைக்கு இரண்டு படி உப்பைக் கரைத்து ஊற்றினேன். கோரை ஒரு மாதத்தில் தலை நிமிர்ந்தது. முற்றத்து ஓரத்தில் நின்ற கறிவேப்பிலை பட்டுப்போனது. அருகம்புல்லும் உப்பைத் தாங்கும். கடலோர ஊர்க் கிணறுகளில் உப்பேறுவதே நமக்குப் பெரும் கவலை. அதில் நாமும் ஒரு மூட்டை சேர்க்க வேண்டுமா?

களைக்கொல்லி வயலில் விழுந்தால் மண் அதை ஓரளவு பிடித்து வைக்கும். கல்லின் மேல் பிடித்து வைக்க மண் ஏது? அடுத்த மழையில் அப்படியே ஓடி வாய்க்காலிலோ குட்டையிலோ சேரும். கிளைபோசேட் மருந்தைப் பூச்சி ஒழிப்புத் தொழில் செய்வோர் தவிர மற்றவர் பயன்படுத்தக் கூடாது என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு அறிவித்தது. பாராக்குவாட் சிறிதளவு வாய்க்குள் போனாலும் உயிருக்கு ஆபத்து. அதற்கு மாற்று மருந்து கிடையாது. புதுச்சேரியை ஒருகாலத்தில் ஆண்ட பிரான்சில் 2017 முதல் சாலை, பூங்கா போன்ற பொது இடங்களிலும், 2019 முதல் வீட்டுத் தோட்டங்களிலும் இரசாயனக் களைக்கொல்லிகளுக்குத் தடை உள்ளது. அங்கும் சுரண்டியும் சுடுநீர் ஊற்றியும்தான் நடைபாதைகளைச் சுத்தம் செய்கிறார்கள்.

தாய்மார்களுக்கு ஒன்று. சந்தில் முளைத்த பருப்புக்கீரையையும் மூக்கிரட்டையையும் சமையலுக்குப் பறிப்பதுண்டு. எப்போதாவது மருந்து அடித்த இடமானால் அவை உங்கள் சட்டிக்கும் வேண்டாம், ஆட்டுக்கும் வேண்டாம்.

புதிதாகக் கல் பாவப் போகிறவர்கள் ஓரக்கல்லைச் சிமெண்டு வைத்து உறுதியாகக் கட்டச் சொல்லுங்கள். ஓரம் நகர்ந்தால் உள்ளே உள்ள கற்களும் நகரும், சந்து விரல் நுழையும் அளவுக்கு விரியும். பிறகு எவ்வளவு மணல் போட்டாலும் நிற்காது. பாகூர்ப் பக்கம்போல் களிப்பான நிலமானால் கல்லுக்கு அடியில் ஜல்லி போட்டு நன்றாக இடித்த பிறகே மணல் பரப்ப வேண்டும். மேஸ்திரி அவசரப்பட்டாலும் அந்த ஒரு வேலையை அருகில் நின்று பார்த்துச் செய்யுங்கள்.